சிவப்பு நூல் கட்டிய பொட்டலம்

எங்கள் அடுக்ககத்தில் காட்டில் சாகாதவர்கள் என்று யாருமே இல்லை. நான் தாகத்தில் செத்தேன். எதிர்வீட்டுக் கோகிலா ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்றுவிட்டு நுரை தள்ளிச் செத்தாள். சும்மா கிடைக்கிறது என்றால் என்ன ஏது என்று கேட்காமல் வாயில் போட்டுக்கொள்கிறவளுக்கு வேறு எப்படிச் சாவு வரும்? மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் கரடியைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார். கரடிக்கு அது பிடிக்கவில்லை.

எல்லாம் பக்கத்து வீட்டுப் பூர்ணிமாவின் ஹாலில், சோபாவில் உட்கார்ந்தபடியே நடந்த சாவுகள். செத்து முடித்ததும் காபியும் கடலை போடாத மிக்சரும் கொடுப்பார்கள். பூர்ணிமாவும் அவள் புருஷன் தரணிதரனும் சரவணம்பட்டியில் பெரிய கம்பெனி வேலையை உதறிவிட்டு, வீட்டிலேயே வீடியோ கேம் செய்கிறவர்கள். அவர்கள் செய்த விளையாட்டின் பெயர் கருவனம். ஆளைக் கொண்டுபோய் நடுக்காட்டில் விட்டுவிடும். தண்ணீர் தேட வேண்டும், நெருப்பு மூட்ட வேண்டும், எதைத் தின்னலாம் எதைத் தின்னக்கூடாது என்று கண்டுபிடிக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்தவள். நாலு பேர் பேச்சு காதில் விழாத இடத்தில் எனக்குக் கை கால் ஓடாது. அந்தக் காட்டிலோ மனுஷ வாடையே இல்லை. யாரிடம் பேசுவது, அதைவிட முக்கியம், யாரைப் பற்றிப் பேசுவது? ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துச் செத்துப்போனேன்.

"இன்னொருக்கா போறேன் பூர்ணி. இப்ப எனக்கு ஓடையும் தெரியும், விறகும் தெரியும்" என்றேன்.

"வேண்டாங்க்கா. உங்க கண்ணு பழசாயிருச்சு."

எனக்குச் சுருக்கென்றது. போன வருஷம்தான் இரண்டு கண்ணுக்கும் புது லென்ஸ் வைத்திருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே மிக்சர் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஐயோ, அந்தக் கண்ணு இல்லீங்க்கா. எங்க தொழில்ல புதுக்கண்ணுன்னு சொல்லுவோம். விளையாட்ட முதல் தடவ பாக்கறவங்கதான் எங்க திணறறாங்க, எங்க சலிச்சுக்கறாங்கன்னு காட்டுவாங்க. ஒரு தடவ ஆடிட்டா தெரிஞ்சுக்குவாங்க. அப்புறம் அவங்களால எங்களுக்குப் பிரயோசனமில்ல."

"ஆக, உபயோகிச்சுத் தூக்கி எறிஞ்சாச்சு என்னைய."

"காபி குடுத்துத்தானுங்க்கா எறிஞ்சோம்."

இப்படி அடுக்ககம் முழுக்கக் கூப்பிட்டுக் கொன்று, கண்களைத் தீர்த்து, விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரே வாரம். இன்டர்நெட்டில் இருக்கும் பொடியன்கள் காறித் துப்பினார்கள். சப்பை, குழந்தை விளையாட்டு, தூங்கிக்கொண்டே ஜெயிக்கலாம் என்றெல்லாம் எழுதினார்கள். பூர்ணிமா காட்டுக்குள் ரத்தம் உறிஞ்சும் அட்டையை விட்டாள். புகையிலை வைத்து விரட்டினார்கள். காய்ச்சலை விட்டாள், மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தார்கள். விடாமல் மழையைக் கொட்டினாள். குகையில் விறகைச் சேர்த்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

அசோசியேஷன் கூட்டத்துக்கு வந்தவள், லிஃப்ட் ரிப்பேர் பேச்சு முடிந்ததும் எங்களிடமே யோசனை கேட்டாள். இன்னும் கஷ்டமாக்குவது எப்படி? யோசனைக்கா பஞ்சம்? சிங்காநல்லூர்க் குளத்துக் கொசுவை விடு என்றார் மேனேஜர். காட்டுக்குள் மாதாமாதம் அசோசியேஷன் கூட்டம் வை, அவனவன் தானே ஓடி வந்து புலி வாயில் தலையைக் கொடுப்பான் என்றேன் நான். செகரட்டரி கோகிலாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பூர்ணிமாவும் சிரிக்கவில்லை. "என்ன வெச்சாலும் ரெண்டாந்தடவ பழகிருதுங்க்கா. காடு ஒரு தடவதான் காடு. அப்புறம் அது தோட்டம்."

அவளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அதை என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். தான் செய்த காட்டில் தன்னால் ஒருபோதும் தொலைந்துபோக முடியாதே என்பது. ஒவ்வொரு பாம்பையும் எந்தக் கல்லுக்கடியில் வைத்தோம் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவளுக்குச் சாப்பாடு இறங்காத மாதிரி.

இந்த இடத்தில் இதழியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு ஒரே பெண், எட்டு வயசு. அவளுக்கு நிலக்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிக்கும், வயிறு கெடும் என்கிற ஆகாது இல்லை. ஒரு பருப்பு போதும், தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும். மூன்று வயசில் யாரோ கொடுத்த கடலை மிட்டாயைக் கடித்தவளை, முகம் வீங்கி உதடு நீலம் பாரித்துக் கிடந்தவளை, பைக் டேங்க்கின் மேல் கிடத்திக்கொண்டு தரணி ஆஸ்பத்திரிக்குப் பறந்ததை நான் பால்கனியில் நின்று பார்த்தேன். அன்றைக்கு அவன் முகத்தில் ஒரு பயம் ஏறி உட்கார்ந்தது. பிள்ளை பிழைத்து வந்த பிறகும் அது இறங்கவில்லை. பிஸ்கட் வாங்கினால் உறையிலுள்ள பொடி எழுத்தை வக்கீல் மாதிரி படிப்பான். கல்யாண வீட்டில் சமையல்கட்டுக்கே போய் என்ன எண்ணெய் என்று கேட்டு மாஸ்டரிடம் திட்டு வாங்குவான். அவர்கள் வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு நீலப் பை தொங்கும். அதில் பேனா மாதிரி ஓர் ஊசி. மூச்சுத் திணறினால் யோசிக்காமல் தொடையில் குத்த வேண்டும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. எங்கள் மாடியில் எல்லோருக்கும் குத்தக் காட்டிக் கொடுத்திருந்தான். சாத்துக்குடியில் குத்திப் பழகினோம்.

எங்கள் மாடியே கடலையைக் கைவிட்டது. நான் கடலைச் சட்னியின் ருசியை மறந்தேன். ஆயுத பூஜைக்கு அசோசியேஷனில் பொரிப் பொட்டலம் கொடுப்பது வழக்கம்: பொரி, பொட்டுக்கடலை, வறுத்த நிலக்கடலை, நாட்டுச் சர்க்கரை. இதழிக்கு மட்டும் நிலக்கடலை இல்லாமல், தனிப் பாத்திரத்தில் கலந்து, சிவப்பு நூல் சுற்றிக் கட்டிய பொட்டலம். அதை வருஷாவருஷம் நான் என் வீட்டில் என் கையால் கட்டுவேன். கோகிலாவை நம்பி விடுவேனா என்ன?

மீதிக் கதை ஒரு பட்டையில் ஆரம்பித்தது.

துணி காயப்போடும்போது பார்க்கிறேன், தரணி நெற்றியில் கறுப்பாக ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். பால்கனிக் கம்பி வழியே அவர்கள் ஹால் நன்றாகத் தெரியும். நான் பார்ப்பதில்லை, தெரியும்.

"ஏன் பூர்ணி, தரணிக்குத் தலைவலியா?" என்று அடுத்த பால்கனியில் துணி உதறிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"இல்லீங்க்கா. பெரிய விபத்துல மாட்டினவங்களுக்காக ஒரு கம்பெனி செஞ்ச பட்ட அது. கண்ண மூடுனா லாரி வர்ற மாதிரியே இருக்கும்ல, அவங்களுக்கு. அந்தத் திக்குங்கறத மட்டும் எடுத்துரும். நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கும். திக்குனு இருக்காது."

"இவன் எந்த லாரியில அடிபட்டான்?"

"புதுக்கண்ணுக்குங்க்கா!" அவள் கையில் ஈரத்துணி அப்படியே நின்றது. பேச்சில் அத்தனை உற்சாகம். "சிவப்புப் பழம் தின்னு செத்தா, அடுத்த தடவ அதப் பாத்ததும் கை தானா நின்னுரும்ல? நிறுத்தறது அறிவுன்னு நினைக்கறோம். இல்ல, பயம்தான். இதக் கட்டிட்டு ஆடினா, பழம் விஷம்னு தெரியும். ஆனா கை நிக்காது. பாதி வழி போன பொறவுதான் ஐயோன்னு வரும். ஒவ்வொரு தடவையும் முதல் தடவ மாதிரி."

ஆள் கிடைக்காத குறைக்கு இரவல் வாங்கிய பட்டை, விளையாட்டுக்கே மருந்தாகிவிட்டது. அதைக் கட்டிக்கொண்டு ஆடும் நிலைக்கு முதல் நாள் என்று பெயர் வைத்தார்கள். முன்னே கொட்டாவி விட்ட பொடியன்களில் சிலருக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அழுதுவிட்டேன் அண்ணா, நூறு தடவை ஆடியும் இன்னும் இருட்டினால் நடுங்குகிறது அண்ணா என்று பதில் வந்தது. பட்டைக் கம்பெனிக்காரர்கள் காரில் வந்து இறங்கினார்கள். ஒருத்தர்கூட லிஃப்டில் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை, நான்தான் கொடுத்தேன்.

தரணி நாள் தவறாமல் காட்டுக்குப் போனான். கொஞ்ச நாளில் ஆள் மாறிவிட்டான், நல்லபடியாக என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கேட்டைத் திறந்து போட்டதற்கு வாட்ச்மேனிடம் கத்துவதில்லை. ஹெல்மெட்டை வண்டியிலேயே மாட்டிவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு போகிறான். மருமகன் கிடைத்தால் இப்படிக் கிடைக்க வேண்டும் என்று கோகிலா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு இருப்பதோ இரண்டு பையன்கள். சத்தி ரோட்டில் போனைப் பார்த்தபடியே தரணி குறுக்கே நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பஸ் டிரைவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. தரணி அவரைப் பார்த்துக் கையாட்டினான்.

ஆயுத பூஜை வந்தது. கீழே அசோசியேஷன் அறையில் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொட்டலம் கொடுத்தார்கள். தரணி கும்பலில் கையை நீட்டிக் கைக்கு வந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்து, ஒரு பேப்பர் தட்டில் கொட்டி இதழியிடம் நீட்டினான். நான் சிவப்பு நூல் பொட்டலத்தோடு படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன். பிள்ளை தட்டைத் தொடவில்லை. அண்ணாந்து பார்த்தது.

"அப்பா, சிவப்பு நூல் எங்க?"

"அட, தின்னு கண்ணு. ஒண்ணும் ஆகாது."

"இதுல கடல இருக்குப்பா."

"இருக்குதுதான். தெரியுமே" என்றான் தரணி. சிரித்த முகம். மங்கோலியாவின் தலைநகரம் எது என்று கேட்டால் சொல்வானே, அந்த மாதிரி ஒரு தெரியும்.

நான் அந்தத் தட்டைப் பிடுங்கிய வேகத்தில் பொரி பேங்க் மேனேஜர் தலைமேல் கொட்டியது. தரணி என்னைப் பார்த்து, "ஏனுங்க்கா, இவ்வளவு பதட்டம்? உடம்புக்கு ஆகாதுங்க்கா" என்றான். மனசார, அக்கறையாகத்தான் சொன்னான்.

பூர்ணிமா அன்றைக்கே பட்டையைப் பரண்மேல் போட்டாள். மழைக்காலம் போய்ப் பனி வந்தது. ஒரு மத்தியானம் என் சமையலறையில் நின்று அழுதாள். நான் மோர்க்குழம்பை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"கம்பெனிக்காரங்க என்னதான் சொல்றாங்க?"

"காட்டுல வர்ற பயத்த மட்டும்தான் எடுக்கும்னாங்க. இப்பக் கேட்டா, மூளைக்குள்ள காட்டுப் பயம் ஒரு ரூம்பு, வீட்டுப் பயம் ஒரு ரூம்புன்னு எல்லாம் இல்லைங்கறாங்க. எல்லாம் ஒரே ஹாலாம்."

"அதான் கழட்டியாச்சில்ல? போகப் போக வந்துரும்."

"வராதுங்க்கா. அவருக்கு அந்தப் பயம் ஒரே நாள்ல, ஒரு பைக் சவாரியில வந்தது. திரும்ப வரணும்னா அந்த நாள் திரும்ப வரணும்."

அப்பளம் பொரிக்க எண்ணெய் வைத்திருந்தேன். அடுப்பை அணைத்தேன்.

"அவரு நல்லவருதாங்க்கா. இப்பவும் அவள மடியில போட்டுக் கதை சொல்றாரு. சேந்து டேன்ஸ் ஆடறாரு. ஆனா டப்பாவத் திருப்பிப் பாக்க மாட்டேங்கறாரு. பாருங்கன்னு சொன்னா பாக்கறாரு. சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் சொல்லணும். அவரு தூங்கறாரு, நான் முழிச்சுட்டுக் கெடக்கறேன். ரெண்டு பேரு படவேண்டிய பயத்த ஒருத்தியே எத்தன நாளைக்குங்க்கா பட முடியும்?"

"நான் ஒருத்தி இருக்கறேனில்ல? ரெண்டு வாய் சாப்பிடு மொதல்ல" என்று தட்டு வைத்தேன். சாப்பிட்டாள். சாப்பிடும்போதே பக்கத்து வீட்டில் ஏதோ தட்டு விழும் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். வெறும் தட்டுதான்.

கம்பெனிக்காரர்களோடு கையெழுத்து முன்பே ஆகியிருந்தது. முதல் நாள் நிலையோடு கருவனம் வெளிவந்து சக்கைப்போடு போட்டது. பெட்டிக்குள் பட்டையும் சேர்த்தே வந்தது. வீட்டுப் பயமும் சேர்ந்து போகும் என்று பெட்டியில் எங்கோ பொடி எழுத்தில் போட்டிருந்ததாம். இந்த ஊரில் பொடி எழுத்தைப் படித்த ஒரே ஆள் தரணிதான், அவனும் நிறுத்திவிட்டான்.

இரண்டாவது காடு வேண்டும் என்று கம்பெனிக்காரர்கள் நெருக்கினார்கள். புதுக்கண் வேண்டும். ஊரில் எல்லாக் கண்ணும் தீர்ந்திருந்தது. வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் பூர்ணிமா என் வீட்டுக் கதவைத் தட்டினாள். தலைக்குக் குளித்து, மல்லிகைச் சரம் வைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் போய்விட்டிருந்தது.

"என்னடி, கல்யாண நாளா?"

"இல்லீங்க்கா. என் காட்டுக்குள்ள நானே தொலைஞ்சு போனேன்!" குழந்தை மாதிரி கைகொட்டினாள். "பாம்பு எந்தக் கல்லுல இருக்குதுன்னு தெரியுது. ஆனாலும் போய்க் கை வெக்கறேன். எவ்வளவு அழகான காடு தெரியுங்களா? இத்தன வருஷமா எனக்கே தெரியாது. அப்புறம் படுத்தேன் பாருங்க, அப்படி ஒரு தூக்கம்."

அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன். அவர்கள் வாசலில் ஆணி. ஆணியில் நீலப் பை. பையின் வாயிலிருந்து சார்ஜர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊசி எங்க பூர்ணி?"

"உள்ள எங்கியோ இருக்குதுங்க்கா. ஏன், உங்களுக்கு ஏதாவது வேணுமா?"

அன்றைக்கே மருந்துக்கடைக்குப் போய் ஒன்று வாங்கி, என் வீட்டு வாசலில் ஆணி அடித்து மாட்டினேன். நீலத் துணி கிடைக்கவில்லை. பழைய ஜாக்கெட் துணியில் பச்சையாக ஒரு பை தைத்தேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பயப்பட ஒரே ஓர் ஆள்தான் மிச்சம். அந்த ஆளுக்கு எட்டு முடிந்து ஒன்பது நடந்துகொண்டிருந்தது. இதழி ஸ்கூல் பையில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு அப்பாவின் வேலையைத் தானே பார்க்க ஆரம்பித்தாள். டப்பாவைத் திறந்ததும் முகர்வாள். சந்தேகம் வந்தால் என் வீட்டுக்கு எடுத்து வருவாள்; நானும் முகர்ந்து, ஒரு வாய் தின்று பார்த்து, கடலை இல்லை என்று சொன்ன பிறகுதான் அவள் வாயில் வைப்பாள். போன ஆயுத பூஜைச் சிவப்பு நூலை மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். மற்றப் பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது. தரணி முகத்தில் முன்பு இருந்தது அப்படியே இங்கே இடம் மாறி உட்கார்ந்த மாதிரி.

ஒரு நாள் என் சோபாவில் கால் ஆட்டிக்கொண்டு கேட்டாள். "ரத்தினாத்த, நான் செத்துட்டா அம்மா அழுவாங்களா?"

"பேச்சப் பாரு! வாயக் கழுவு மொதல்ல."

"அழுவாங்க. ஆனா அதுக்கு முன்னாடி பயப்பட மாட்டாங்க. அப்படித்தான?"

நான் டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

அடுக்ககமும் மாறிப்போயிருந்தது. கோகிலா வீட்டில் இரண்டு பையன்களும் ஆடினார்கள், பிறகு அவளும் ஆடினாள். மேனேஜர் கரடியைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். யார் வீட்டுக் கதவும் பூட்டுவதில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளைகள் நடக்கிறார்கள், கீழே பெற்றவர்கள் கையாட்டுகிறார்கள். யாரும் யாரிடமும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்று என்னிடம் ஒருத்தர் சொல்லி எத்தனை காலமாகிறது! மானத்துக்குப் பயந்தால்தானே ரகசியம்? எல்லாவற்றையும் லிஃப்டிலேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் தொழிலும் போயிற்று.

இதழியின் ஒன்பதாவது பிறந்தநாள் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரியும், என்ன பரிசு கொடுத்தார்கள் என்று. தெரிந்திருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன்? கேட்டதற்குத் தரணி சொன்னான்: "பாவமுங்க்கா அவ. எப்பப் பாரு பயந்துட்டே இருக்கறா. பெத்தவங்க நாங்க சந்தோஷமா இருக்கறோம், அவ மட்டும் எதுக்குக் கஷ்டப்படணும்?" பிஞ்சு நெற்றிக்கு ஏற்ற அளவில், ரோஸ் நிறத்தில், சின்னப் பட்டை. அதற்கென்று வரவழைத்தார்களாம். அன்பில் ஒரு குறையும் இல்லை.

இப்போது மறுபடியும் ஆயுத பூஜை. நேற்று மத்தியானம் நான் பொரியைக் கலந்து, தனியாகப் பொட்டலம் கட்டி, சிவப்பு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பூர்ணிமா வந்தாள். கையில் ஒரு பெட்டி.

"இது உங்களுக்குங்க்கா. இத்தன வருஷமா எங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்கீங்க. இந்த மாடியில நீங்க ஒருத்தர்தான் இன்னும் இப்படிக் கவலைப்பட்டுட்டே இருக்கீங்க. பாக்கப் பாவமா இருக்குது."

பட்டை. சாம்பல் நிறம், என் வயசுக்குப் பொருத்தமாகத்தான் பார்த்து வாங்கியிருந்தாள். டீப்பாயின் மேல் வைத்தாள். நான் காபி கலந்து கொடுத்து, எனக்கும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். பொய் எதற்கு, நானும் சரியாகத் தூங்கி மாசங்களாகின்றன.

அப்போது இதழி ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பதையே நான் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை ஓடி நான் பார்த்ததில்லை. கன்னம் சிவந்து, மூச்சு வாங்கி, வாய்கொள்ளாத சிரிப்பு. என் மேல் தொப்பென்று விழுந்து கட்டிக்கொண்டாள். பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கே ஒரு கணம் தோன்றிவிட்டது. மணிக்கட்டில் நூல் இல்லை.

"நூலு எங்க சாமி?"

"அவுத்துட்டேன் அத்த. அரிச்சுது." மேசைமேல் இருந்த பொட்டலத்தைத் தள்ளிவிட்டாள். "எனக்கு எப்பவும் இதேதானா? கோகிலாம்மா வீட்ல கடல வறுக்கறாங்க. வாசன எவ்வளவு நல்லா இருக்குது!"

இருந்தது. நானும் அப்போதுதான் கவனித்தேன். கதவிடுக்கு வழியே வறுத்த கடலை வாசனை ஹால் முழுக்க நிரம்பியிருந்தது. கோகிலா அசோசியேஷன் பொட்டலத்துக்காக வறுக்கிறாள். முன்பெல்லாம் அவள் வீட்டில் வறுக்க மாட்டாள். கடையில் வறுத்ததை வாங்கி நேராகக் கீழே கொண்டுபோவாள்.

"இங்கியே இரு கண்ணு. உனக்கு டிவி போட்டு விடறேன். கார்ட்டூனு."

"இதோ வந்தர்றேன் அத்த" என்று குதித்துக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

"பூர்ணி, அவளப் புடி."

"உக்காருங்க்கா. கொழந்ததான, ஓடட்டும்." பூர்ணிமா காபியை ஊதினாள். "நான் வேற ஒண்ணு கேக்க வந்தேன். முதல் நாளும் பசங்களுக்குப் பழகிருச்சாம். சலிக்குதுங்கறாங்க. இன்னும் கஷ்டமா என்ன வெக்கலாம்? நீங்கதான் நல்ல யோசனையா சொல்லுவீங்க."

நான் எழுந்து நின்றிருந்தேன். வாசலில் இதழி செருப்பை மாட்டும் சத்தம். என் வாயில் வந்தது இதுதான்.

"ஒரு கொழந்தைய வை பூர்ணி. புலி வேண்டாம், கரடி வேண்டாம். ஆடறவன் கையில ஒரு கொழந்தையக் குடுத்து அந்தக் காட்டுக்குள்ள அனுப்பு. அதக் காப்பாத்தணும். அவ்வளவுதான்."

பூர்ணிமா யோசித்தாள். உண்மையாகவே, நெற்றியைச் சுருக்கி, அவள் வேலையில் எப்போதும் யோசிப்பது போலவே யோசித்தாள்.

"கொழந்தைய வெச்சாத் துணையா இருக்கும். பேச்சுத் துணைக்கு ஆச்சு. இன்னும் ஈஸியாத்தானுங்க்கா ஆகும்?" என்றாள். "அதுல என்ன கஷ்டம் இருக்குது?"

எதிர்வீட்டு அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்தது. "அட, வா தங்கம், சூடா இருக்குது, கைய நீட்டு" என்று கோகிலா சொல்வது கேட்டது.

ஆணியிலிருந்து பச்சைப் பையைப் பறித்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் ஓடினேன்.

"காபி ஆறிப்போயிருங்க்கா" என்றாள் பூர்ணிமா என் முதுகுக்குப் பின்னால். "குடிச்சுட்டுப் போங்க."